மாடியில் யார் குடியிருக்கிறார்கள்?

சனிக்கிழமை காலை ஈப்போ பழைய பட்டணத்தில் கார் நிறுத்த இடம் கிடைத்தால், அன்றைக்கு நமக்கு நல்ல நேரம். லோரோங் பங்லிமா சந்தில் தோள் இடிபடாமல் நடக்க முடியாது. காப்பிக்கு ஒரு வரிசை, சுவரோவியத்தின் முன் படம் பிடிக்க இன்னொரு வரிசை.

அதே தெருக்களுக்குச் செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பது மணிக்குப் போய்ப் பாருங்கள். கீழே இரும்புக் கதவுகள் மூடிக் கிடக்கும். தலையை உயர்த்தி மாடி ஜன்னல்களைப் பாருங்கள். போன வாரம் ஒரு தெருவின் இரு பக்கமும் எண்ணிக்கொண்டே நடந்தேன். மூன்று மாடிகளில்தான் விளக்கு எரிந்தது. அதில் ஒன்று தங்கும் விடுதி.

இவை வெறும் கடைகளாகக் கட்டப்பட்டவை அல்ல. 1892-இல் பெருந்தீ பட்டணத்தை விழுங்கிய பிறகு, தெருக்களை நேராக வகுத்து மறுபடியும் கட்டினார்கள். கீழே வியாபாரம், மேலே குடும்பம், நடுவில் காற்றும் வெளிச்சமும் இறங்க ஒரு முற்றம், முன்னால் வெயிலுக்கும் மழைக்கும் ஒதுங்க ஐந்தடி நடை. அதுதான் கடைவீடு. ஜாலான் லாஹாட் பக்கம் கடை வைத்த நம்மவர்களும் அவர்களின் சிப்பந்திகளும் கடைக்கு மேலேயே படுத்து எழுந்தவர்கள்தான்.

மாடிகள் காலியானதற்குக் காரணம் ஒன்றல்ல. 1985-இல் ஈய விலை சரிந்தது; கிந்தா பள்ளத்தாக்கின் பிழைப்பு ஆட்டம் கண்டது. இளைஞர்கள் கோலாலம்பூருக்கும் சிங்கப்பூருக்கும் கிளம்பினார்கள். அடுத்தது வாடகை. 1948-க்கு முன் கட்டிய கட்டடங்களின் வாடகையை ஒரு சட்டம் கட்டிப்போட்டிருந்தது. கிடைத்த சில்லறையில் கூரையைக்கூட மாற்ற முடியாது என்று உரிமையாளர்கள் கட்டடத்தை அப்படியே விட்டார்கள். 1997-இல் அந்தச் சட்டம் ரத்தானது; 2000-ஆம் ஆண்டு பிறந்தபோது கட்டுப்பாடு முழுமையாக நீங்கியது. புதிய வாடகையைக் கட்ட முடியாதவர்கள் சட்டி பானையோடு இறங்கினார்கள். தெலுக் இந்தான் போன்ற ஊர்களில் மனிதர் போன மாடிக்குக் குருவி வந்தது. ஒலிபெருக்கியில் குருவிச் சத்தம் போட்டு, கூட்டை எடுத்து விற்றார்கள். குருவி வாடகையும் தருவதில்லை, குழாய் ஒழுகுகிறது என்று புகாரும் சொல்வதில்லை!

2010-இல் கோலாலம்பூருக்கு மின்ரயில் ஓடத் தொடங்கியது. 2014-இல் லித்துவேனிய ஓவியர் எர்னஸ்ட் சகரெவிச் இங்கே சுவர்களில் வரைந்தார். கூட்டம் வந்தது, பணமும் வந்தது. இடிந்து விழவிருந்த பல சுவர்கள் அதனால்தான் தப்பின. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் இரண்டு இரவு தங்குகிறவர் தரும் காசை மாதக் குடித்தனக்காரர் தர முடியாது. 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த ஜார்ஜ்டவுனும் இதே சிக்கலைச் சந்தித்தது. சுண்ணாம்பு பூசிய முகப்பு மட்டும் ஊராகிவிடாது. குடியிருக்க வாடகைக்கு விடும் உரிமையாளருக்கு மாநகர் மன்றம் வீட்டு வரியில் சலுகை தரலாம் என்பது என் கருத்து.

நம்மவர்களுக்கு இதில் இன்னொரு முடிச்சும் உண்டு. என் அம்மா பிறந்தது சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்ட லயத்தில். வேலை இருக்கும்வரைதான் வீடு. தாத்தா பால்வெட்டுக் கத்தியைக் கீழே வைத்ததும் குடும்பம் புந்தோங்குக்கு மூட்டை கட்டியது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், அதே சுங்கை சிப்புட்காரரான துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளர் காசிலேயே தோட்டங்களை வாங்க வைத்தார். பிறர் வீட்டில் குடியிருந்து பட்ட பயம் நமக்கு இன்னும் விடவில்லை. தாமானில் சொந்த வீடு, முன்னால் ஒரு கேட். அதுதான் நம் கனவு. கடைக்கு மேல் வாடகைக்குப் போவதை யாரும் முன்னேற்றம் என்று சொல்ல மாட்டார்கள்.

கோலாலம்பூரிலிருந்து திரும்பி வந்த என் அக்கா மகள் அப்படித்தான் ஒரு மாடியைக் கேட்டுப் போனாள். உரிமையாளர், “குடியிருக்கவாம்மா? பல வருஷமா யாரும் கேட்டதே இல்லையே!” என்றாராம். கழிவறை கீழே, கடைக்குப் பின்னால். மின்கம்பிகள் அவர் அப்பா காலத்தவை. மரப்படி ஏணிபோல் நின்றது. கம்பி மாற்றுவது அவர் செலவு, மாடியில் கழிவறை கட்டுவது இவள் செலவு, மூன்று வருடத்துக்கு வாடகை ஏறாது என்று பேசி எழுதிக்கொண்டார்கள். வாய்ப்பேச்சோடு விடாதது நல்லது.

“கடை மேல குடியிருக்கத்தான் இவ்வளவு படிச்சியா?” என்று அம்மா பேத்தியிடம் கேட்டார். பால் காய்ச்சிய அன்று படியைப் பார்த்ததும் ஏற மறுத்து, கீழே ஐந்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். பக்கத்துப் பூக்கடைக்காரரின் அம்மாவும் அடுத்த தோட்டத்துக்காரராம். நாங்கள் மேலே சாப்பிட்டு இறங்கியபோதும் பேச்சு முடிந்திருக்கவில்லை. துணியை எங்கே காயப்போடுவது என்று அந்தப் பாட்டிதான் சொல்லிக்கொண்டிருந்தார். முற்றத்தில், காலை பத்து மணிக்குள்.