கடலில் ஒரு கணக்கு

பட்டியில் அடையும் ஆடுகளை எண்ணுதல் எளிது. மாலைப் பொழுதில் வாயிலருகே நின்று, ஒவ்வொன்றாக உள்ளே விட்டால் தொகை தானே விளங்கும். காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரிலும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழ்வோர் வேடந்தாங்கலை நன்கு அறிவர். அங்குள்ள ஏரி மரங்களில் வந்து தங்கும் பறவைகளையும் அறிஞர் எண்ணிக் கணக்கிடுகின்றனர். பறவை கிளையில் அமர்ந்திருக்கிறது. கண் அதனைக் காண்கிறது. ஆனால், கரை காணாத பெருங்கடலில், நீருக்கு அடியில், ஓரிடத்தும் நில்லாது உலவும் திமிங்கிலங்களை எவ்வாறு எண்ணுவது? ‘கடலை அளக்க முடியுமோ?’ என்று கேட்பது உலக வழக்கு. எனினும் மனிதன் அம்முயற்சியிலும் ஈடுபட்டுள்ளான்.

திமிங்கிலம் மீன் அன்று. உருவத்தால் மீனை ஒத்திருப்பினும் அது வெப்பக் குருதி உடையது; கன்று ஈன்று பாலூட்டி வளர்ப்பது. நம் கடற்கரைப் பரதவர் ஓங்கில் என வழங்கும் டால்பினும் அவ்வினத்தைச் சேர்ந்ததே. இவற்றிற்குச் செவுள்கள் இல்லை, நுரையீரல்களே உள்ளன. ஆதலின், எத்துணை ஆழத்திற்குச் சென்றாலும் மூச்சு வாங்க இவை நீரின்மேல் வந்தே தீரவேண்டும். நீலத் திமிங்கிலம் மூச்சுவிடும்போது அதன் வெப்பக் காற்றும் நீர்த்துளிகளும் ஏறத்தாழ 9 மீட்டர் உயரம் வரை தூண்போல் எழும். எண்ணெய்த் திமிங்கிலத்தின் மூச்சோ முன்புறமாக இடப்பக்கம் சாய்ந்து எழும். தொலைவில் எழும் அந்த மூச்சைக் கண்ட அளவிலேயே, பழகியவர்கள் இன்னது இன்ன திமிங்கிலம் என்று உரைத்துவிடுவர். ஒளிந்து வாழும் உயிரை வெளிப்படுத்துவது அதன் மூச்சே. கடற்கணக்கு முழுவதும் இந்த ஓர் உண்மையின்மேல் நிற்கிறது.

இக்கணக்கினால் யாது பயன் எனக் கேட்கலாம். 1973ஆம் ஆண்டு சனவரித் திங்களில் தூத்துக்குடிப் பகுதிக் கடற்கரையில் 147 திமிங்கிலங்கள் கரையேறின. 2016ஆம் ஆண்டு அதே சனவரித் திங்களில், மணப்பாட்டை ஒட்டிய கடற்கரையில் மீண்டும் எண்பது அளவிலான திமிங்கிலங்கள் ஒதுங்கின. அவை கூட்டமாக வாழ்ந்து ஒன்றையொன்று பின்தொடரும் இயல்புடைய வழிகாட்டித் திமிங்கிலங்கள். ஊர் மீனவர் அவற்றின் துயரம் காணப் பொறாது, படகுகளைக் கொண்டு கடலுக்குள் இழுத்துச் சென்று விட்டனர். விடப்பட்டவற்றுள் சில மறுபடியும் கரைக்கே திரும்பின. நாற்பதுக்கு மேற்பட்டவை மாண்டன.

இந்த இழப்பு சிறிதா, பெரிதா? கடலில் அவ்வினத்தில் பல்லாயிரம் இருப்பின், இது குளத்தில் ஒரு குடம் நீர் குறைந்தது போலாகும். சில நூறே இருப்பின், குடத்தில் பாதி கவிழ்ந்தது போலாகும். இருப்பின் அளவு அறியாதவன் இழப்பின் அளவை அறிதல் இயலாது. களஞ்சியத்தில் உள்ள நெல்லின் அளவை அறியாத குடியானவன், எலி தின்றது எத்துணைப் பங்கு என எங்ஙனம் கூறுவான்?

இனி எண்ணும் முறையைக் காண்போம். கடல் முழுவதையும் ஒருங்கே நோக்குதல் எவர்க்கும் ஆகாது. ஆதலின், படத்தில் முன்னரே கோடுகள் வரைந்துகொண்டு, அக்கோடுகளின் வழியே கப்பலைச் சீராகச் செலுத்துவர். திமிங்கிலம் மிகுதியாக உள்ள இடம் என்று கருதும் பக்கமே கப்பலைத் திருப்புதல் கூடாது. அங்ஙனம் செய்தால் கணக்கு பொய்த்துவிடும். மேல்தளத்தில் கண்காணிப்பாளர் இருபுறமும் நின்று கண்ணிமையாது நோக்குவர். கண் சோர்வுறாதபடி முறை மாற்றிக்கொள்வர். ஒரு திமிங்கிலம் தோன்றியவுடன், அது கப்பல் செல்லும் திசையிலிருந்து எத்தனை பாகை விலகியுள்ளது என்பதையும், எவ்வளவு தொலைவில் உள்ளது என்பதையும் குறிப்பர். தொலைநோக்கியின் கண்ணாடியில் சிறு கோடுகள் பொறிக்கப்பட்டிருக்கும். வானும் கடலும் கூடும் எல்லைக்கு எத்தனை கோடு கீழே அவ்வுயிர் தோன்றுகிறது என்று பார்த்துத் தொலைவைக் கணக்கிடுவர்.

எடுத்துக்காட்டாக, ஓர் ஓங்கிற் கூட்டம் 1,000 மீட்டர் தொலைவில், 30 பாகை விலகித் தோன்றியது என்று கொள்வோம். கப்பல் செல்லும் கோட்டிற்கும் அக்கூட்டத்திற்கும் இடையே உள்ள செங்குத்துத் தொலைவு 500 மீட்டர் ஆகும். இவ்வாறு தோன்றிய ஒவ்வொன்றிற்கும் தொலைவைக் குறித்துவந்தால் ஓர் உண்மை புலப்படும். கோட்டிற்கு அருகில் மிகுதியாகவும், விலக விலகக் குறைவாகவும் அவை காணப்பட்டிருக்கும். தொலைவில் உயிர்கள் இல்லை என்பது அதன் பொருள் அன்று. கண்ணுக்குத் தப்பின என்பதே பொருள். எவ்வளவு விரைவாகத் தொகை குறைகிறது என்பதைக் கொண்டு, தப்பியவை எத்தனை என்பதையும் கணித்துவிடுவர். காணாதவற்றையும் கண்டவற்றின் துணைகொண்டு எண்ணுதலே இம்முறையின் நுட்பம்.

கப்பல் 1,000 கிலோமீட்டர் சென்றது. இருபுறமும் சேர்த்து 4 கிலோமீட்டர் அகலம் வரை கண் பயன்பட்டது. 200 ஓங்கில்கள் காணப்பட்டன என்று வைத்துக்கொள்வோம். அப்போது 4,000 சதுரக் கிலோமீட்டரில் 200 எனப் பெறப்படும். அதனைப் போன்ற கடற்பரப்பு 40,000 சதுரக் கிலோமீட்டர் இருப்பின், ஆங்கு வாழ்வன ஏறத்தாழ 2,000 எனக் கொள்ளலாம். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழி இங்கும் பொருந்தும். ஆயினும் அந்த ஒரு சோற்றை நடுநிலையோடு எடுத்தல் வேண்டும்.

இப்பணியில் இடையூறுகள் பல. காற்று வலுத்து வெண்ணுரை அலைகள் எழுந்தால், திமிங்கிலத்தின் முதுகும் நுரையும் வேறுபாடின்றித் தோன்றும். அப்பொழுது வேலையை நிறுத்திவிடுவர். ஓங்கில்களோ கப்பலின் முன்னே எழும் அலையில் சறுக்கி விளையாட விரைந்து வரும். அவ்வாறு வந்தவற்றை மிகுதியாக எண்ணினால் கணக்கு பெருத்துவிடும். ஆதலின் அவை கப்பலை நாடும் முன்னரே கண்டு குறித்தல் வேண்டும். எண்ணெய்த் திமிங்கிலம் ஆழ்ந்து சென்றால் ஒரு மணி நேரம்கூட மேலே வாராது. அவ்வளவில் கப்பல் அவ்விடத்தைக் கடந்து போய்விடும். இதற்கு மாற்றாக, நீருள் ஒலிவாங்கியை இறக்கிச் செவியால் தேடுகின்றனர். அத்திமிங்கிலம் இருளில் இரை தேடுங்கால் சொடுக்குவது போன்ற ஒலியை இடையறாது எழுப்பும். 1982ஆம் ஆண்டு முதல் 1984ஆம் ஆண்டு வரை ‘தூலிப்’ என்னும் பாய்மரக் கலத்தில் இந்தியப் பெருங்கடலில் உலவிய ஆராய்ச்சியாளர், இவ்வொலியைப் பின்பற்றியே எண்ணெய்த் திமிங்கிலங்களைத் தொடர்ந்தனர். அவர்களே திருகோணமலைக்கு அருகில் நீலத் திமிங்கிலங்கள் உலவுவதையும் கண்டு உலகிற்கு அறிவித்தனர்.

நம் நாட்டின் கரையிலிருந்து 200 கடல் மைல், அதாவது சுமார் 370 கிலோமீட்டர் வரை உள்ள கடற்பரப்பின் வளங்கள் நம் உரிமையாகும். அதன் பரப்பு 20 இலட்சம் சதுரக் கிலோமீட்டருக்கு மேற்பட்டது. மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் நெடுங்காலம் மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்து, பின்னர்க் கொச்சிக்கு மாறியது. அந்நிலையத்தார் 2003ஆம் ஆண்டு முதல் 2007ஆம் ஆண்டு வரை ‘சாகர் சம்பதா’ என்னும் ஆராய்ச்சிக் கப்பலில் 35 பயணங்கள் சென்று திமிங்கிலங்களையும் ஓங்கில்களையும் குறித்தனர். அக்கப்பல் வேறு ஆராய்ச்சிகளுக்காகவும் சென்றதாதலின், அது செல்லும் வழியே இவர்கள் கண்காணிக்க வேண்டியிருந்தது. ஐயாயிரம் மணி நேரத்திற்கு மேல் நோக்கியிருந்து, நானூற்றுக்கு மேற்பட்ட முறை அவற்றைக் கண்டனர். கணக்கிட்டுப் பார்ப்பின், பன்னிரண்டு மணி நேரத்திற்கு ஒரு முறை என்ற அளவிலேயே காட்சி கிடைத்தது. மற்ற நேரமெல்லாம் வெறுங்கடலே. பொறுமையின் பெருமைக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுமோ?

எண்ணியதன் பயனும் கண்கூடாகத் தோன்றியுள்ளது. இலங்கையின் தென்முனையாகிய தெய்வந்துறைக்கு அப்பால், உலகின் நெரிசல் மிக்க கப்பல் வழிகளுள் ஒன்று செல்கிறது. நீலத் திமிங்கிலங்கள் அவ்வழியிலேயே மிகுதியாக உலவுகின்றன என்பது கணக்கெடுப்பினால் தெளிவாயிற்று. விரைந்து செல்லும் பெருங்கப்பல் மோதினால் திமிங்கிலம் பிழைத்தல் அரிது. ஆகவே 2022ஆம் ஆண்டில் பெரிய கப்பல் நிறுவனம் ஒன்று, தன் கலங்களை ஏறத்தாழ 15 கடல் மைல் தெற்கே விலகிச் செல்லுமாறு பணித்தது. கணக்கு இல்லையேல், எத்துணை விலகுவது என்று எவர் கூறியிருப்பர்?

மீனவர் வாழ்வும் இக்கணக்கோடு பிணைந்துள்ளது. வலையில் மீனோடு ஓங்கிலும் சிக்கி மூச்சு முட்டி மாள்வது உண்டு. பரதவர் அதனை விரும்பிச் செய்வாரல்லர். அதனால் அவர் வலையும் கிழிகிறது. தமக்கு மீன் அனுப்பும் நாடுகள், மீன்பிடிப்பினால் கடற்பாலூட்டிகளுக்குப் பெருந்தீங்கு இல்லை எனக் காட்டல் வேண்டும் என்று அமெரிக்க ஐக்கிய நாடு 2016ஆம் ஆண்டில் விதி வகுத்தது. தீங்கு இல்லை என்று வாயால் சொன்னால் போதாது. கடலில் எத்தனை உள்ளன, வலையில் எத்தனை மாள்கின்றன என இரு தொகைகளையும் காட்டல் வேண்டும். இவ்வாறு, நடுக்கடலில் ஒருவர் எழுதும் குறிப்பு கரையில் ஒரு மீனவர் வீட்டின் உலைக்கும் துணை செய்கிறது.

பழங்காலத்தில் மனிதன் திமிங்கிலத்தைத் தேடிக் கடலுக்குச் சென்றது கொல்வதற்காக. அதன் எண்ணெய் விளக்கு எரிக்கப் பயன்பட்டது. 1979ஆம் ஆண்டில் இந்தியப் பெருங்கடல் திமிங்கிலங்களின் புகலிடமாக அறிவிக்கப்பட்டது. இன்று அதே கடலில் அதே திமிங்கிலத்தைத் தேடி மனிதன் செல்கிறான். கையில் ஈட்டி இல்லை, குறிப்பேடு இருக்கிறது. அவன் எழுதும் எண் முற்றும் சரியாக அமையாமல் இருக்கலாம். ஆயினும் ஆண்டுதோறும் அதே முறையில் எண்ணிவந்தால், அவ்வினம் பெருகுகிறதா, தேய்கிறதா என்பது விளங்கும். தேய்கிறது என்று காலத்தே அறிந்தால் காக்கவும் வழி பிறக்கும். எண்ணும் எழுத்தும் கண்ணெனத் தகும் என்பர் முன்னோர். கடலுக்கடியில் மறைந்து வாழும் உயிர்களைக் காக்கும் கண்ணும் அவ்வெண்ணே ஆகும்.