கரண்ட் குட்டியானையைக் கட்டிப்போட ஓர் இடம்

பிக்கப் டிரக் என்று சொன்னால் மயிலாப்பூரில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். குட்டியானை என்றால் தெருமுனை ஸ்டாண்டிலிருந்து ஒருவர் எழுந்து வருவார். 2005இல் டாடா ஏஸ் வந்தபோது இந்திக்காரர்கள் சோட்டா ஹாத்தி என்றார்கள், நாம் குட்டியானை என்றோம். இன்றைக்கு எந்தக் கம்பெனி தயாரித்தாலும் அந்த உருவத்தில் பின்னால் தொட்டியோடு நின்றால் அது குட்டியானைதான். அமெரிக்காவில் பிக்கப் என்பது பாதிப் பேருக்கு வீட்டு வாசலில் நிற்கும் பெருமை. இங்கே அது முழுக்க முழுக்கப் பிழைப்பு. காலையில் காய்கறி, பகலில் பீரோ, இரவில் கல்யாண மண்டபத்துக்குப் பாத்திரம்.

அந்தக் குட்டியானை இப்போது கரண்டில் ஓடுகிறது. டாடா ஏஸ் இவி 2022 மே மாதம் அறிமுகமாகி, 2023 ஜனவரியில் வாடிக்கையாளர் கைக்கு வந்தது. அசோக் லேலண்டின் துணை நிறுவனமான சுவிட்ச், டெல்லியின் ஆய்லர், 2024 அக்டோபரில் மஹிந்திராவின் ஜியோ, 2025 ஜூனில் இன்னும் சிறிய ஏஸ் புரோ என்று வரிசை நீண்டுவிட்டது. தி.நகரிலும் அடையாறிலும் இவற்றை அடையாளம் காண்பது சுலபம்: பச்சை நம்பர் பிளேட், அதில் மஞ்சள் எழுத்து. சொந்தக் காரென்றால் பச்சையில் வெள்ளை, வாடகைக்கு ஓடுவதென்றால் பச்சையில் மஞ்சள்.

வாங்குவதற்கு முன்னால் எல்லாரும் கேட்பது மூன்று கேள்விகள். எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்? தீப்பிடிக்குமா? பேட்டரி போனால் என்ன செய்வது? வாங்கி ஆறு மாதம் ஓட்டியவரிடம் பேசிப் பாருங்கள், இந்த மூன்றையும் தாண்டி வேறொரு கேள்விக்கு வந்திருப்பார்: ராத்திரி வண்டியை எங்கே விடுவது?

முதலில் கிலோமீட்டர். ஏஸ் இவிக்குச் சோதனைக்கூடம் கொடுத்த சான்று 154 கிலோமீட்டர். பாரம் ஏற்றி, சிக்னலில் நின்று, கத்திரி வெயிலில் ஓட்டினால் அந்த எண் கிடைக்காது. அனுபவப்பட்ட ஓட்டுநர் மனதில் வைத்திருக்கும் கணக்கு நூறு. ஆனால் சென்னையின் நடுப்பகுதியில் நூறு என்பது பெரிய எண். கோயம்பேட்டிலிருந்து மயிலாப்பூர் மாட வீதிக்கு ஒரு நடை பன்னிரண்டு, பதின்மூன்று கிலோமீட்டர்தான் வரும். நாளைக்கு நாலு நடை அடித்தாலும் பேட்டரியில் மிச்சம் இருக்கும். தி.நகர் நெரிசல் டீசல் வண்டிக்குத்தான் சாபம், நின்ற இடத்திலேயே எண்ணெய் குடிக்கும். கரண்ட் வண்டி நின்றால் மோட்டாரும் நின்றுவிடும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் அதே மோட்டார் டைனமோவாகி, வண்டியின் வேகத்தை விழுங்கிக் கொஞ்சம் மின்சாரத்தைப் பேட்டரிக்குத் திருப்பித் தரும். உஸ்மான் சாலையில் ஊர்ந்து போவதற்கு இதைவிடத் தோதான எந்திரம் கிடையாது.

இடறுவது காஞ்சிபுரத்தில். தி.நகர் ஜவுளிக்கடைகளுக்கும் காஞ்சிபுரத்துக்கும் உள்ள உறவு ஊரறிந்தது. போக எழுபது சொச்சம் கிலோமீட்டர், திரும்ப அதே எழுபது சொச்சம். கூட்டிப் பார்த்தால் சான்றிதழில் உள்ள 154க்கு ஏறக்குறையச் சமம். நெடுஞ்சாலையில் நின்று நின்று போகும் லாபம் கிடையாது, காற்றைக் கிழித்துக்கொண்டு ஓட வேண்டும், பிரேக் பிடிக்கும் வேலையும் குறைவு. டீசல்காரர் யோசிக்காமல் ஒத்துக்கொள்ளும் சவாரிக்கு இவர் வழியில் எங்கே சார்ஜர் இருக்கிறது, அது இன்று வேலை செய்கிறதா, அதன் முன்னால் எத்தனை கார் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். வேக சார்ஜரிலும் ஒன்றே முக்கால் மணி நேரம் போய்விடும். அதனால் பலர் நகரத்துக்குள் நிரந்தர ஒப்பந்தம் பிடித்துக்கொள்கிறார்கள். ஆன்லைன் கடைகளும் பலசரக்கு விநியோக நிறுவனங்களும் பச்சைப் பிளேட்டை விரும்பிக் கேட்பதால் அந்த வேலை கிடைக்கவும் செய்கிறது. இதன் விலை, ஸ்டாண்டில் உட்கார்ந்து வந்த சவாரியைப் பிடிக்கும் சுதந்திரம். என் பார்வையில் இது சின்ன இழப்பல்ல.

அடுத்து பாரம். முதல் ஏஸ் இவியின் ஏற்றளவு 600 கிலோ. 25 கிலோ அரிசிச் சிப்பம் என்றால் 24. இருபது லிட்டர் தண்ணீர் கேன் ஒன்று கிட்டத்தட்ட 21 கிலோ, ஆக 28 கேன். அடையாறு அடுக்ககங்களுக்குத் தண்ணீர் போடும் எந்தக் குட்டியானையிலாவது 28 கேனோடு நிறுத்திக்கொண்டதைப் பார்த்திருக்கிறீர்களா? இந்தக் குறையைப் புரிந்துகொண்டுதான் 2024இல் ஒரு டன் ஏற்றும் ஏஸ் இவி 1000 வந்தது. அதிகப் பாரம் ஏற்றினால் டீசல் வண்டி முனகும், புகை கக்கும், கியர் கேட்கும். ஓட்டுகிறவர் காதுக்கே தெரிந்துவிடும். கரண்ட் வண்டி முனகாது. நின்ற இடத்திலிருந்தே முழு இழுவையையும் கொடுத்து மேம்பாலத்தில் ஏறிவிடும். கணக்கு பிறகு வரும்: திரையில் விழுக்காடு சரசரவென்று இறங்கும், சில மாதம் கழித்து டயர் தேயும். வாய் விட்டுச் சொல்லாத வேலைக்காரனிடம் அதிகம் வேலை வாங்கிவிடுவோமே, அது மாதிரி.

இப்போது அந்த இரவுக் கேள்விக்கு வருவோம். மயிலாப்பூர், மந்தைவெளிச் சந்துகளில் குட்டியானைகள் தெருவோரத்தில்தான் தூங்குகின்றன. உரிமையாளர் மாடிப் போர்ஷனில் குடியிருப்பார், வண்டி இரண்டு தெரு தள்ளி ஒரு பள்ளிக்கூடச் சுவரோரம் நிற்கும். டீசல் வண்டிக்கு அதில் ஒரு குறையும் இல்லை. கரண்ட் வண்டிக்கோ ராத்திரி ஆறேழு மணி நேரம் பதினைந்து ஆம்ப் பிளக் ஒன்று தேவை, அதுவும் சரியான எர்த் உள்ள பிளக். வீட்டுச் சொந்தக்காரர் சம்மதிக்க வேண்டும், தனி மீட்டர் இருக்க வேண்டும், வயர் பிளாட்பாரத்தைக் கடக்கக் கூடாது. அடுக்ககம் என்றால் சங்கம் கூடித் தீர்மானிக்கும். வாடகை லோடு வண்டியை உள்ளே விடுவதா என்பதிலேயே கூட்டம் முடிந்துவிடும், சார்ஜர் வரை பேச்சு போகாது.

பிளக் இருப்பதற்கும் இல்லாததற்கும் உள்ள வித்தியாசத்தை ரூபாயில் பார்க்கலாம். நாளைக்கு 60 கிலோமீட்டர், மாதம் 25 நாள் என்றால் 1,500 கிலோமீட்டர். 2025இல் சென்னையில் டீசல் லிட்டர் 92 ரூபாய்ச் சொச்சம். நகரத்துக்குள் பாரத்தோடு லிட்டருக்குப் பதினைந்து கிடைத்தால் கிலோமீட்டருக்கு ஆறு ரூபாய். கரண்ட் வண்டி கிலோமீட்டருக்குக் கால் யூனிட் இழுக்கும் என்று தாராளமாகவே வைத்துக்கொள்வோம். மாதம் 375 யூனிட், ஈ.பி. பில் வருகிற இரண்டு மாதத்துக்கு 750. இதை வீட்டு மீட்டரிலேயே ஏற்றினால் மின்வாரியத்தின் படிக்கட்டு நினைவுக்கு வரும். முதல் நூறு யூனிட் இலவசம் என்பதெல்லாம் கீழ்ப்படி. ஐந்நூறைத் தாண்டியதும் ஒவ்வொரு படியும் ஏறிக்கொண்டே போய், ஆயிரத்துக்கு மேல் யூனிட் 11 ரூபாயையும் தாண்டிவிடும். சராசரியாகப் பத்து ரூபாய் என்று கொண்டால் கிலோமீட்டருக்கு இரண்டரை. மாதம் மிச்சம் 5,250 ரூபாய்.

பிளக் இல்லாதவர் தினமும் வெளியில் வேக சார்ஜருக்குப் போகிறார். அங்கே யூனிட் சுமார் 20 ரூபாய். கிலோமீட்டருக்கு ஐந்து. மாத மிச்சம் 1,500. போக வர நேரம், வரிசையில் நிற்கும் நேரம் தனி.

வண்டியின் விலையை இதன் பக்கத்தில் வையுங்கள். ஏஸ் புரோ அறிமுகமானபோது பெட்ரோல் வண்டி 3.99 லட்சம், அதே உடம்பில் கரண்ட் வண்டி 6.50 லட்சம். வித்தியாசம் இரண்டரை லட்சம். பெட்ரோலுக்கும் டீசலைப் போலவே செலவு என்று வைத்துக்கொண்டால், மாதம் 5,250 மிஞ்சுபவர் அதை நாலு வருடத்தில் எடுத்துவிடுவார். 1,500 மிஞ்சுபவருக்குப் பதினாலு வருடம் ஆகும். ஏஸ் இவிக்குப் பேட்டரி உத்தரவாதம் ஏழு வருடம்தான் என்பதை நினைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் படிக்க வேண்டும். இரண்டு பேரும் ஓட்டுவது ஒரே வண்டிதான். வண்டி நல்லதா கெட்டதா என்று ஸ்டாண்டில் நடக்கும் சண்டைகளில் பாதி, ஒருவருக்குப் பிளக் இருந்து மற்றவருக்கு இல்லாததால் வருவது.

அரசு உதவியைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வேடிக்கை. மத்திய அரசின் மானியத் திட்டமான ஃபேமின் இரண்டாம் கட்டம் 2024 மார்ச் 31ஆம் தேதியோடு முடிந்தது. 2024 அக்டோபரில் வந்த பிஎம் இ-டிரைவ் திட்டத்தில் ஸ்கூட்டருக்குப் பணம் வைத்தார்கள், மூன்று சக்கர ஆட்டோவுக்கு வைத்தார்கள், மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட லாரிக்கு 9.6 லட்சம் வரைகூட வைத்தார்கள். நடுவில் உள்ள நாலு சக்கரக் குட்டியானைக்கு வைக்கவில்லை. மிஞ்சியவை 5 விழுக்காடு ஜி.எஸ்.டி.யும், பெர்மிட் எடுக்கத் தேவையில்லை என்ற 2018ஆம் ஆண்டு மத்திய அரசு ஆணையும், தமிழகத்தில் சாலை வரி விலக்கும்.

தீ பற்றிய பயத்துக்குக் காரணம் 2022இல் ஸ்கூட்டர்கள் எரிந்த செய்திகள். அதே வருடம் வேலூரில் ஒரு தந்தையும் மகளும் இறந்ததை இங்கே யாரும் மறக்கவில்லை. அதற்குப் பின் பேட்டரிச் சோதனை விதிகள் இறுகின. ஏஸ் இவியில் இருப்பது லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை. சூட்டைத் தாங்குவதில் பொறுமைசாலி, எளிதில் கொதித்து எழாது. ஆனால் அதற்கென்று ஒரு குணம் இருக்கிறது, அதைப் புதிதாய் வாங்கியவர்கள் அடிபட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள். பாதி நிறைந்தபோதும் முக்கால் நிறைந்தபோதும் இதன் வோல்ட்டேஜ் ஏறக்குறைய ஒன்றே. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வெளியிலிருந்து அளக்க முடியாததால் வண்டியின் கணினி, உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று எண்ணிக்கொண்டே வந்து ஒரு குத்துமதிப்பு சொல்கிறது. முழுசாக ஏற்றாமல் அரையும் குறையுமாகவே பத்துப் பதினைந்து நாள் ஓட்டினால் அந்த எண்ணிக்கை பிசகிவிடும். திரையில் இருபது விழுக்காடு காட்டும் வண்டி திடீரென்று சோர்ந்து போவது அப்படித்தான். வாரம் ஒருமுறையாவது நூறு வரை ஏற்றிவிட்டால் கணக்கு நேராகும். போனுக்குச் சொல்லும் எண்பதோடு நிறுத்து என்ற உபதேசம் இங்கே அப்படியே பொருந்தாது. நூறு ஏற்றிய காலையில் இன்னொன்றும் நடக்கும். பேட்டரியில் இடம் இல்லாததால் மோட்டார் திருப்பி அனுப்பும் மின்சாரத்தை அது வாங்காது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் வழக்கமாகத் தானாக வேகம் குறையும் வண்டி அன்று முதல் சில கிலோமீட்டர் வழுக்கிக்கொண்டு போகும்.

பெரிய பேட்டரியைப் பற்றியே கவலைப்படுபவரைக் கவிழ்ப்பது பெரும்பாலும் சின்ன பேட்டரி. கரண்ட் வண்டிக்குள்ளும் பழைய பன்னிரண்டு வோல்ட் பேட்டரி ஒன்று உண்டு. விளக்கு, திரை, பூட்டு, பெரிய பேட்டரியை இணைக்கும் சுவிட்ச் எல்லாம் அதன் கையில். பொங்கலுக்கு ஊருக்குப் போய்ப் பத்து நாள் கழித்து வந்து சாவியைத் திருகினால் ஒன்றும் நடக்காது. உள்ளே 80 விழுக்காடு மின்சாரம் இருக்கும், அதை எழுப்ப ஆள் இருக்காது. மெக்கானிக்குக்குப் போன் போட்டு, லாரி வைத்து இழுத்துப் போன பின்பு, ஒரு சாதாரண பேட்டரி என்று தெரியவரும்போது எரிச்சலில் சிரிப்பு வரும்.

மழை. சென்னைக்காரர் எந்த வண்டியைப் பற்றியும் கடைசியில் கேட்பது இதைத்தான். பேட்டரிப் பெட்டிக்கு ஐபி67 என்று ஒரு தரம் சொல்கிறார்கள். தூசி புகாது, ஒரு மீட்டர் ஆழத் தண்ணீரில் அரை மணி நேரம் கிடந்தாலும் நீர் இறங்காது என்று பொருள். சோதனைத் தொட்டியில் இருப்பது நல்ல தண்ணீர். 2015 டிசம்பரில் அடையாறு கரையேறியபோதும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோதும் தெருவில் நின்றது சாக்கடை கலந்த தண்ணீர், நின்றதும் அரை மணி நேரமல்ல, நாள்கணக்கில். முழங்கால் தண்ணீரில் கடந்து போவதற்கு இந்தத் தரம் உதவும். டீசல்போல மூச்சுக்குழலில் தண்ணீர் ஏறி எஞ்சின் செத்துப்போகிற பயமும் இல்லை. ஊறிக் கிடப்பதற்கு உதவாது. 2024 அக்டோபரில் பெருமழை எச்சரிக்கை வந்தபோது வேளச்சேரி மேம்பாலத்தில் மக்கள் கார்களைக் கொண்டுபோய் வரிசையாக நிறுத்தினார்களே, கரண்ட் வண்டிக்கும் அதுவே வைத்தியம். கூடவே ஒன்று: தண்ணீர் ஏறினால் பாதுகாப்புக்காக மின்சாரத்தை நிறுத்துவார்கள். அதனால் டிசம்பரில் வானிலை அறிக்கை சரியில்லாத அன்று இரவே முழுசாக ஏற்றிவிடுவது பழகியவர்களின் வழக்கம்.

அமெரிக்காவில் ஃபோர்டின் கரண்ட் பிக்கப்பான எஃப்-150 லைட்னிங்கை வாங்கியவர்கள் மின்வெட்டின் மறுபக்கத்தையும் கண்டார்கள். டிரெய்லர் இழுத்தால் கிலோமீட்டர் பாதியாகிவிடுகிறது என்று நொந்தார்கள். ஆனால் புயலில் மின்சாரம் போனபோது வண்டியிலிருந்தே வீட்டுக்கு விளக்கு எரியவிட்டார்கள். மிக்ஜாம் வந்தபோது இருட்டில் கிடந்த தெருக்களில் அப்படி நாலு குட்டியானை இருந்திருந்தால் எத்தனை போன் உயிர் பிழைத்திருக்கும்!

சத்தமின்மை நல்லதா? அதிகாலை மூன்று மணிக்கு மண்டபத்து வாசலில் பாத்திரம் இறக்கும்போது அக்கம்பக்கம் விழிக்காமல் இருப்பது நல்லது, பாத்திரம் சத்தம் போடுவது வேறு கதை. அதே வண்டி ரங்கநாதன் தெருப் பக்கம் வந்தால் முதுகுக்குப் பின்னால் ஒன்று நிற்பதே யாருக்கும் தெரியாது. ஓட்டுநர் ஹார்னில் கை வைத்தபடியே வர வேண்டியிருக்கிறது. மெதுவாகப் போகும்போது எச்சரிக்கை ஒலி எழுப்பும் கருவியைக் கட்டாயமாக்க 2025 செப்டம்பரில் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் ஒரு வரைவு வெளியிட்டது. அமைதியாக ஓடும் வண்டியைச் செய்துவிட்டு அதற்கு ஒரு சத்தம் தேடுகிறோம்.

இன்னும் யாருக்கும் சரியாகப் பிடிபடாதது பழைய வண்டிச் சந்தை. டீசல் குட்டியானை வாங்குகிறவர் பானெட்டைத் திறந்து, எஞ்சினை முடுக்கி, புகையின் நிறத்தைப் பார்த்து விலை சொல்லிவிடுவார். அந்தக் காதுக்கும் கண்ணுக்கும் இங்கே வேலையில்லை. பேட்டரியின் ஆரோக்கியம் சர்வீஸ் சென்டர் கணினியில்தான் தெரியும், அந்தச் சீட்டை விற்பவர் கொடுத்தால் உண்டு. விவரம் தெரிந்தவர்கள் ஒரு வழி வைத்திருக்கிறார்கள். நூறு விழுக்காடு ஏற்றச் சொல்லி, இருபது அரிசிச் சிப்பத்தைத் தூக்கி வைத்து, மயிலாப்பூரிலிருந்து திருவான்மியூர் போய்த் திரும்பிப் பார்ப்பது. எத்தனை விழுக்காடு இறங்கியதோ அதை வைத்துப் பேரம் தொடங்குகிறது.