காலிபர் ஒன்று, தோட்டா வேறு!

தேசிய மாணவர் படையில் சேர்ந்த மாணவர்கள் .22 துப்பாக்கியால் சுட்டுப் பழகுவதை அறிவீர்கள். 1990களில் நம் இராணுவத்துக்கு வந்த இன்சாஸ் துப்பாக்கியின் காலிபர் 5.56 மில்லிமீட்டர். .22 என்பது அங்குலக் கணக்கு. அதை மில்லிமீட்டராக மாற்றிப் பாருங்கள்; ஏறத்தாழ 5.6 வரும்! அப்படியானால் இரண்டும் ஒன்றுதானா? இல்லவே இல்லை.

முதலில் சொற்களைத் தெளிவாக்கிக்கொள்வோம். தோட்டா வேறு, குண்டு வேறு. தோட்டாவில் நான்கு உறுப்புகள் உண்டு. முன்னால் இருப்பது குண்டு. அதைக் கவ்விப் பிடித்திருப்பது கூடு. கூட்டினுள்ளே வெடிமருந்து. அடியில், தட்டினால் தீப்பற்றும் மருந்து சிறிதளவு. சுட்டதும் குண்டு மட்டுமே பறந்து செல்கிறது, கூடு பின்தங்கிவிடுகிறது. காலிபர் எனப்படுவது துப்பாக்கிக் குழலின் உள்விட்டம். அது குண்டின் பருமனைச் சொல்லுமே தவிர, அதன் வலிமையைச் சொல்லாது.

இனி இரண்டையும் ஒப்பிடுவோம். .22 லாங் ரைபிள் தோட்டாவின் கூடு சுமார் 15.6 மி.மீ. நீளமுள்ளது. அதிலுள்ள மருந்து ஒரு கிராமில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான். அது 2.6 கிராம் ஈயக் குண்டை நொடிக்குச் சுமார் 330 மீட்டர் வேகத்தில் செலுத்துகிறது. 5.56 தோட்டாவின் கூடோ 45 மி.மீ. நீளம், மருந்து சுமார் 1.7 கிராம். அதன் 4 கிராம் குண்டு நொடிக்குச் சுமார் 920 மீட்டர் வேகத்தில் பாய்கிறது. நிறையை வேகத்தின் இருமடியால் பெருக்கிப் பாதியாக்கினால் இயக்க ஆற்றல் கிடைக்கும் என்று பள்ளியில் படித்திருக்கிறீர்கள். கணக்கிட்டால் முன்னதற்குச் சுமார் 140 ஜூல், பின்னதற்குச் சுமார் 1,700 ஜூல். பன்னிரண்டு மடங்கு!

இவ்வளவு மருந்தைக் குண்டின் பருமனுள்ள கூட்டிலேயே அடைத்தால் தோட்டா மிக நீண்டுவிடும். ஆகவே கூட்டின் உடலை அகலமாக்கி, கழுத்தை மட்டும் பாட்டிலைப் போல் ஒடுக்குகிறார்கள். தோட்டாவின் பெயரில் கூட்டின் நீளத்தையும் சேர்த்து 5.56×45 என எழுதுவதன் காரணமும் இதுவே. ஏ.கே.47 துப்பாக்கிக்கு உரியது 7.62×39; அதே காலிபரில் 7.62×51 என்ற தோட்டாவும் உண்டு. ஒன்றன் இடத்தில் மற்றொன்றைப் பயன்படுத்த முடியாது.

கூட்டுக்கு இன்னொரு பணியும் உண்டு. இராணுவத் துப்பாக்கியில் மருந்து எரியும்போது வளிமண்டல அழுத்தத்தைப் போல் 3,000 மடங்குக்கும் மேலான அழுத்தம் உண்டாகிறது. அப்போது கூடு விரிந்து குழலின் சுவரோடு ஒட்டிக்கொள்கிறது. சூடான வாயு சுடுபவர் பக்கம் கசியாமல் தடுக்கிறது. அழுத்தம் குறைந்ததும் சற்றே சுருங்கி, எளிதாக வெளியே வருகிறது. விரியவும் வேண்டும், சுருங்கவும் வேண்டும்! 70 பங்கு செம்பும் 30 பங்கு துத்தநாகமும் கலந்த பித்தளை இதற்கு நன்கு பொருந்துகிறது.

ஆனால் பித்தளைக்கும் ஒரு பகை உண்டு. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், மழைக்காலத்தில் இந்தியாவில் சேமித்து வைத்த தோட்டாக்களின் கூடுகள் சுடாமலேயே விரிசல் விட்டன. போர்முனையில் தோட்டா கைவிட்டால் படைவீரனின் கதி என்ன? காரணம் 1921இல்தான் விளங்கியது. அந்தத் தோட்டாக்கள் குதிரை லாயங்களில் வைக்கப்பட்டிருந்தன. குதிரைகளின் சிறுநீரிலிருந்து எழுந்த அம்மோனியா, ஈரக்காற்றோடு சேர்ந்து பித்தளையைத் தாக்கியது. கூட்டை இழுத்து வடிவமைத்தபோது உலோகத்தினுள் தங்கிவிட்ட தகைவு, அந்த இடங்களைப் பிளந்தது. கூட்டைப் பதமாகச் சூடேற்றி ஆறவிட்டால் தகைவு நீங்கும். இதுவே தீர்வாயிற்று.

இன்றும் இராணுவத் தோட்டாக்களின் கழுத்தருகே மங்கிய நிறத்தில் ஒரு பட்டை தெரியும். அது அழுக்கன்று, அவ்வாறு சூடேற்றியதன் அடையாளம்.