துள்ளும் பெட்டிகளும் துரத்தப்பட்ட தொழிலாளரும்

இரங்கூன் மாநகரின் மேற்கே, லைங் ஆற்றுக்கு அப்பால், லைங் தாயா என்னும் தொழிற்பேட்டை நகரம் விரிந்து கிடக்கின்றது. 2014 ஆம் ஆண்டின் குடிசனக் கணக்கெடுப்பில் ஏறத்தாழ 6,87,000 பேர் பதிவான இடம் அது. ஆடைத் தொழிற்சாலைகளை நம்பி வந்தவர்களும், 2008 இல் நர்கீஸ் புயல் ஐராவதிக் கழிமுகத்தை அழித்தபின் இடம்பெயர்ந்தவர்களும் அங்கே நெருக்கியடித்து வாழ்கின்றனர். இரங்கூனின் பெயர்பெற்ற சுற்றுப் புகையிரதப் பாதை இந்நகருக்குள் வருவதில்லை. ஆற்றின் மறுகரையில் இன்செயின் வழியாக அது வளைந்து சென்றுவிடுகின்றது. லைங் தாயாத் தொழிலாளி அதில் ஏறவேண்டுமாயின் முதலில் பாலத்தைக் கடக்கவேண்டும்.

இந்தச் சுற்றுப் பாதையைப் பற்றிப் புகையிரத ஆர்வலர்கள் எழுதிக் குவித்திருப்பது கொஞ்சமல்ல. நாமும் அந்த இனத்தைச் சேர்ந்தவர்களே. இயந்திரத்தின் எண்ணைக் கண்டால் குறித்துக்கொள்ளும் பழக்கம் பள்ளிப் பருவத்திலிருந்தே எம்மை விட்டபாடில்லை. சுமார் 46 கிலோமீற்றர் நீளமான அந்தச் சுற்றை ஒருமுறை முடிக்க, மேம்பாட்டுப் பணிகளுக்கு முன்னர், ஏறத்தாழ மூன்று மணித்தியாலம் பிடித்தது. மிதிவண்டியின் வேகம்! திறந்த யன்னல்கள், டன்யின்கோன் சந்தையிலிருந்து ஏற்றப்படும் கீரைக் கட்டுகள், யப்பானிய எழுத்துகள் அழிக்கப்படாத பழைய பெட்டிகள் ஆகியவற்றைப் படம்பிடித்தோர் ஆயிரம் பேர் இருப்பர்.

அப்பெட்டிகளின் கதை சுவையானது. யப்பானில் ஓய்வுபெற்ற டீசல் பெட்டிகள் அவை. அங்கே தண்டவாள இடைவெளி 1067 மில்லிமீற்றர். பர்மாவிலோ 1000 மில்லிமீற்றர். அந்த 67 மில்லிமீற்றரைக் குறைத்து, சக்கரங்களை அச்சில் உள்நோக்கி நகர்த்திய பின்னரே அவை இரங்கூனில் ஓடமுடியும்.

ஆனால் ஆர்வலர்கள் எல்லாவற்றிலும் மேலாக இரசித்து எழுதுவது பர்மியப் புகையிரதங்களின் துள்ளலையே. இரங்கூனிலிருந்து மண்டலை வரையிலான 620 கிலோமீற்றர்ப் பயணத்தில் இருக்கையை விட்டு எழும்பி விழுந்ததை வேடிக்கையாகச் சொல்வர். நாமும் ஒருகாலம் சிரித்திருக்கின்றோம். அந்தத் துள்ளல் எங்கிருந்து வருகின்றது என்று தேடிப் பார்த்தபின் சிரிப்பு அடங்கிவிட்டது.

தண்டவாளத்தின் கீழே பரப்பப்படும் சல்லிக்கற்கள் இரண்டு வேலைகளைச் செய்கின்றன. வண்டியின் பாரத்தை நிலத்தில் பரப்புவது ஒன்று. மழைநீரை வடியவிடுவது மற்றையது. பராமரிப்பு இல்லாதபோது சேறு மேலேறிக் கற்களின் இடுக்குகளை அடைத்துவிடும். பின் ஒவ்வொரு சக்கரமும் கடக்கும்போது சிலிப்பர் கட்டை சேற்றில் அமுங்கி எழும். தண்டவாளத் துண்டுகள் பொருந்தும் இடங்கள் முதலில் தாழும். சம இடைவெளியில் இப்படிப் பள்ளங்கள் அமைந்துவிட்டால், குறிப்பிட்டதொரு வேகத்தில் பள்ளங்களின் தாளமும் பெட்டியின் சுருள்வில்லின் தாளமும் ஒன்றாகிவிடும். ஊஞ்சலைச் சரியான கணத்தில் தள்ளுவது போன்ற நிலை அது. பெட்டி துள்ளும்போது சக்கரத்தின்மீதுள்ள பாரம் குறைகின்றது. பாரம் குறைந்த சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்தின்மீது ஏறிவிடக்கூடும். தடம்புரள்வதற்கு அது போதும்.

ஆகவே சாரதி வேகத்தைக் குறைக்கின்றார். நாம் அழகென்று கண்ட மெதுவான ஓட்டம், உண்மையில் பழுதுபட்ட பாதையில் எஞ்சியிருந்த பாதுகாப்பு ஏற்பாடு.

அதுவும் எப்போதும் காப்பாற்றுவதில்லை. 2012 நவம்பர் 9 ஆம் திகதி, வடக்கே சகாயிங் பிரதேசத்துக் கன்பலு அருகே, எரிபொருள் ஏற்றிச்சென்ற புகையிரதம் தடம்புரண்டது. கவிழ்ந்த தாங்கிகளிலிருந்து ஒழுகிய பெற்றோலை அள்ளிச்செல்லக் கிராமத்தவர்கள் ஓடிவந்தனர். அவ்வேளையில் தீ மூண்டது. குறைந்தது 25 பேர் மாண்டனர். அவர்களைப் பேராசைக்காரர் என்று பேசியோரும் உண்டு. ஒரு வாளி எரிபொருளின் விலை ஓர் ஏழைக் குடும்பத்துக்கு என்னவென்று அறிந்தவர் அவ்வாறு பேசமாட்டார்.

இவ்விடத்தில் தமிழ்நாட்டு விபத்தொன்று நினைவுக்கு வருகின்றது. 1956 நவம்பர் 23 ஆம் திகதி அரியலூருக்கு அருகே, மருதையாற்று வெள்ளம் பாலத்தடியில் மண்ணை அரித்துவிட, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் வீழ்ந்தது. 140 பேருக்கு மேல் உயிரிழந்தனர். புகையிரத அமைச்சராயிருந்த லால் பகதூர் சாஸ்திரி பொறுப்பேற்றுப் பதவி துறந்தார். பதவி துறப்பதால் பாலம் பலமடைவதில்லைதான். ஆயினும் பதில் சொல்லவேண்டியவர் யார் என்பது அன்று தெளிவாயிருந்தது.

பாதையை நாள்தோறும் காப்பவர்கள் அமைச்சர்கள் அல்லர். சுத்தியலும் ஸ்பனரும் சுமந்து கட்டை கட்டையாக நடந்து ஆணி இறுக்குபவர்களே பாதுகாப்பின் முதற் காவலர்கள். 1877 மே முதலாந் திகதி இரங்கூனிலிருந்து பிரோமுக்கு முதற் பாதை திறக்கப்பட்ட காலந்தொட்டுப் பர்மாவில் அந்த வேலையில் இந்தியத் தொழிலாளரின் கைகள், தமிழரின் கைகள் உட்பட, பெரும்பங்கு கொண்டிருந்தன. 1942 இல் கால்நடையாக நாடு நீங்கியவர்களுள் அத்தகையோரும் இருந்தனர்.

2021 பெப்ரவரியில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியபோது புகையிரதத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் முன்னின்றனர். வண்டிகள் நின்றன. மார்ச் 10 ஆம் திகதி இரங்கூனின் மல்வாகொன் புகையிரத ஊழியர் குடியிருப்பைப் படையினர் சுற்றிவளைத்தனர். குடும்பங்கள் பாத்திரம் பண்டங்களோடு வெளியேற்றப்பட்டன. நான்கு நாட்களின் பின், மார்ச் 14 ஆம் திகதி, லைங் தாயாவில் துப்பாக்கிகள் முழங்கின. அன்று குறைந்தது 65 பேர் கொல்லப்பட்டதாக மனித உரிமைக் கண்காணிப்பகம் பதிவுசெய்துள்ளது. அன்றே அங்கு இராணுவச் சட்டம் பிரகடனமாயிற்று.

பாதையை அறிந்தவர்களைத் துரத்திவிட்டால் பாதை என்னாகும் என்பது எம்மவர்க்குப் புதிதன்று. 1990 ஜூனில் யாழ்ப்பாணத்துக்கான புகையிரதம் நின்றபோது நாம் சிறுவர். பின்னர் வடபகுதிப் பாதையின் தண்டவாளங்களும் சிலிப்பர் கட்டைகளும் பதுங்குகுழிகளுக்குக் கூரையாயின. 2014 அக்டோபர் 13 ஆம் திகதி யாழ்ப்பாண நிலையத்துக்கு வண்டி மீண்டும் வந்தது. அதைக் காண நாம் அங்கிருக்கவில்லை.

2025 மார்ச் 28 ஆம் திகதி 7.7 அளவிலான நிலநடுக்கம் மண்டலையையும் சகாயிங்கையும் உலுக்கியது. 1934 இல் கட்டப்பட்டு, 1942 இல் தகர்க்கப்பட்டு, 1954 இல் மீளத் திறக்கப்பட்ட பழைய சகாயிங் புகையிரதப் பாலம் ஐராவதியில் சரிந்தது. அந்தப் படத்தை நாம் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தோம். முன்பென்றால் இரும்பு வளைவுகளை எண்ணியிருப்போம். இம்முறை, நதியோரம் நின்று அண்ணாந்து பார்க்கும் சிலரில் எவராவது பாதைத் தொழிலாளியாக இருப்பாரோ என்றே கண் தேடிற்று.