குளிரைக் கணக்கிடும் மொட்டு

ஜப்பான் வானிலை முகமை ஆண்டுதோறும் செர்ரி மரங்களின் மலர்ச்சி நாளைப் பதிவு செய்து அறிவிக்கிறது. 1991 முதல் 2020 வரையிலான முப்பதாண்டுச் சராசரியைப் பார்த்தால், தென்கோடி ஒக்கினாவாவின் நாகா நகரில் சனவரி 16ஆம் நாள் முதல் மலர் விரிகிறது. கியூஷூ தீவின் ஃபுகுவோக்காவில் மார்ச் 22. டோக்கியோவில் மார்ச் 24. வடக்கே ஹொக்கைடோத் தீவின் சப்போரோவை எட்டும்போது மே முதல் நாள் ஆகிவிடுகிறது. தெற்கின் வெம்மை வடக்கு நோக்கிப் பரவப் பரவ இளவேனிலும் உடன் செல்கிறது என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அதே பட்டியலில் கியூஷூவின் தென்முனையில் உள்ள ககோஷிமாவையும் தேடிப் பாருங்கள். ஃபுகுவோக்காவைவிட இதமான ஊர் அது. அங்கே மலர்ச்சி நாள் மார்ச் 26! தனக்கு வடக்கே உள்ள ஃபுகுவோக்காவுக்கும் டோக்கியோவுக்கும் பின்னரே அது மலர் காண்கிறது.

ஒக்கினாவாவில் வியப்பு இன்னும் கூடுதல். அங்கே வளர்வது கன்ஹிசக்குரா எனப்படும் செந்நிற மலர்ச் செர்ரி. ஏனைய ஊர்களில் உள்ளது வேறு வகை. இந்தச் செந்நிறச் செர்ரி தீவின் வடபகுதி மலைகளில் முதலில் பூத்து, தெற்கு நோக்கி இறங்கி வருகிறது. ஒரே குன்றிலும் உச்சி முந்தும், அடிவாரம் பிந்தும். குளிர் எங்கே முதலில் படிகிறதோ அங்கேதான் மலரும் முதலில் விரிகிறது. இளவேனிலை வெம்மையின் குழந்தை என்றே எண்ணிப் பழகியவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும்.

குளிருக்கும் மலர்ச்சிக்கும் உள்ள உறவை ஆராய ஜப்பானைவிடப் பொருத்தமான நிலம் கிடைப்பது அரிது. கியூஷூ முதல் தென் ஹொக்கைடோ வரை பூங்காக்களிலும் ஆற்றங்கரைகளிலும் நிற்பவற்றுள் மிகப் பெரும்பான்மை சொமேய் யொஷினோ என்னும் ஒரே வகை. அது தன் மகரந்தத்தால் தானே விதை கொள்ளாது. ஆகவே ஒவ்வொரு மரமும் ஒட்டுக்கட்டியே உண்டாக்கப்பட்டது; மரபணு அளவில் எல்லாம் ஒரே மரம். மரம் ஒன்று, தட்பவெப்பம் பல. எந்த ஆய்வுக்கூடமும் இவ்வளவு பெரிய பரப்பில் இத்தகைய சோதனையை நடத்த முடியாது. அளவீடும் செம்மையானது. ஒவ்வோர் ஊரிலும் ஒரு மாதிரி மரம் உண்டு. டோக்கியோவுக்கு உரியது யசுகுனி ஆலய வளாகத்தில் நிற்கிறது. அலுவலர் மரத்தடியில் நின்று அண்ணாந்து எண்ணுவார். ஐந்தாறு பூக்கள் விரிந்திருந்தால்தான் மலர்ச்சி அறிவிக்கப்படும். நான்கே பூ என்றால், கூடியிருக்கும் செய்தியாளர்கள் மறுநாளும் வரவேண்டியதுதான்.

இனி மொட்டுக்குள் நடப்பதைக் காண்போம். மார்ச்சில் விரியும் பூவின் கரு, முந்தைய கோடையிலேயே, ஆகஸ்டு வாக்கில், உருவாகிவிடுகிறது. இலையுதிர் பருவத்தில் பகல் குறுகி வெப்பம் தணியும்போது அப்சிசிக் அமிலம் போன்ற அடக்கு பொருள்கள் மொட்டில் மிகுகின்றன. வளர்நுனி உயிரணுக்களை ஒன்றோடொன்று இணைக்கும் நுண்குழல்களின் வாயில் கல்லோஸ் என்னும் மாவுச்சத்து இனப்பொருள் அடைப்பாகப் படிகிறது. உயிரணுக்கள் தம்முள் செய்தி பரிமாற இயலாது தனிமைப்படுகின்றன. இதுவே ஆழ்ந்த உறக்கநிலை. நவம்பரில் ஒரு செர்ரிக் கிளையை வெட்டி, கதகதப்பான அறையில் நீர்க்குடுவையில் வைத்தால் அது பூக்காது. பிப்ரவரியில் வெட்டி வைத்த கிளை சில கிழமைகளில் பூத்துவிடும். அறையின் வெம்மை இரண்டுக்கும் ஒன்றே. இடையில் கழிந்த குளிர்தான் வேறுபாடு. நீடித்த குளிரில் சில நொதிகள் சுரந்து அந்தக் கல்லோஸ் அடைப்பை மெல்லக் கரைக்கின்றன. அடக்கு மரபணுக்களும் ஒவ்வொன்றாக ஓய்கின்றன.

உறக்கம் கலையக் குளிர் வேண்டும் என்பதை முதலில் தெளிவுறக் காட்டியவர்களுள் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த ஃபிரெடெரிக் கோவில் குறிப்பிடத்தக்கவர். அவர் 1920இல் வெளியிட்ட ஆய்வு புளூபெர்ரிச் செடிகளைப் பற்றியது. குளிர்காலம் முழுதும் கண்ணாடிக் கூடத்தின் இதத்தில் பேணப்பட்ட செடிகள் இளவேனிலில் துளிர்க்காது சோம்பிக் கிடந்தன. வெளியே குளிரில் வாடியவையோ உரிய காலத்தில் தழைத்தன. ஒரே செடியில் குளிர் பட்ட கிளை துளிர்க்க, படாத கிளை உறங்கியே கிடந்ததையும் அவர் கண்டார். விழிப்பு வேரிலிருந்து ஏறிவரும் ஆணையன்று. ஒவ்வொரு மொட்டும் தன் குளிரைத் தானே கணக்கிடுகிறது. தாவரவியலில் இத்துணை எளிய கருவிகளால் இத்துணைப் பெரிய உண்மையை நிறுவிய ஆய்வுகள் சிலவே.

கணக்கிடும் முறையிலும் நுட்பம் உண்டு. பழத்தோட்ட அறிஞர்கள் நெடுங்காலம் 0 பாகை முதல் 7.2 பாகை செல்சியசு வரையுள்ள வேளையை ‘குளிர் மணிநேரம்’ என எண்ணி வந்தனர். வழக்கமான ஆப்பிள் வகைகளுக்கு இவ்வாறு 800 முதல் 1000 மணிநேரம் வேண்டும். இஸ்ரேலில் உருவாக்கிய ‘அன்னா’ ஆப்பிளுக்கு 200 முதல் 300 போதும். 1974இல் யூட்டா மாநிலப் பல்கலைக்கழகத்தார் இக்கணக்கைத் திருத்தினர். கடைக்காரரின் பற்று வரவு ஏடு போன்றது அவர்களது முறை: மிதமான குளிர் வரவில் ஏறும், இடையே வெதுவெதுப்பான பகல் வந்தால் சேர்த்ததில் ஒரு பகுதி கழியும். உறைநிலைக்குக் கீழான கடுங்குளிருக்கோ அந்த ஏட்டில் மதிப்பே இல்லை. ஆகவே சப்போரோவின் மரங்கள் தமக்கு வேண்டிய குளிரின் பெரும்பங்கைப் பெறுவது பனி மூடிய நடுக்குளிரில் அன்று. அதற்கு முந்தைய இலையுதிர் நாள்களிலேயே.

குளிர்க்கணக்கு நிறைந்தபின் உறக்கம் இலேசாகிறது. அப்போது மொட்டு எதிர்பார்ப்பது வெம்மையை மட்டுமே. பிப்ரவரி முதல் நாள் தொடங்கி அன்றாட உச்ச வெப்பநிலைகளைக் கூட்டிவந்தால், 600 பாகை ஆகும் நாளை ஒட்டி டோக்கியோவில் செர்ரி மலரும் என்பது அங்கே பலரும் அறிந்த கணக்கு. குளிர் தவறாது கிடைக்கும் ஊர்களில் இது நன்றாகவே பலிக்கிறது. ககோஷிமாவில்தான் இடறுகிறது, அங்கே மொட்டு பிப்ரவரி தொடக்கத்திலும் குளிரையே எண்ணிக்கொண்டிருக்கக்கூடும்.

குளிர்நிலம், மிதநிலம் என்னும் இருவகை நிலத் தோட்டங்களின் வேறுபாடு இந்த இரட்டைக் கணக்கிலிருந்தே பிறக்கிறது. டோக்கியோவில் தேயிலையின் உறவான காமீலியா குளிர்காலத்திலேயே பூக்கிறது. சனவரி இறுதியில் ஊமே என்னும் பிளம் இனமரம் மணக்கத் தொடங்குகிறது. செர்ரி மார்ச் கடைசியில். நீலக்கொத்து விஸ்டீரியா ஏப்ரல் இறுதியில். ஒன்று உதிர ஒன்று விரிய, இளவேனில் மூன்று மாதமாக நீள்கிறது. சப்போரோவிலோ ஏப்ரல் தொடக்கம் வரை நிலத்தில் பனி கிடக்கிறது. டோக்கியோவில் இரு மாத இடைவெளியில் மலரும் ஊமேயும் செர்ரியும் அங்கே ஏறத்தாழ ஒரே வாரத்தில் ஒருசேரப் பூத்துவிடுகின்றன. எல்லா மரங்களின் குளிர்த்தேவையும் எப்போதோ நிறைந்துவிட்டது. எல்லாம் ஒரே தடையின் பின்னே காத்து நிற்கின்றன. வெப்பநிலை செங்குத்தாக ஏறும்போது, சிறிது வெம்மை கேட்பதும் மிகுதி கேட்பதும் சில நாள் இடைவெளியில் நிறைவு பெறுகின்றன. வடநாட்டு இளவேனிலின் திகைப்பூட்டும் அழகுக்கு அங்குள்ள மண்ணோ கைத்திறனோ காரணமன்று. வெப்பநிலைக் கோட்டின் சரிவே காரணம்.

அந்த அழகுக்கு விலையும் உண்டு. விழித்துவிட்ட மொட்டு தன் குளிர்த்தாங்கும் வலிமையை இழந்துவிடுகிறது. நடுக்குளிரில் உறைநிலைக்கு வெகு கீழே தாங்கிய அதே ஆப்பிள் மொட்டு, முழுமையாக விரிந்தபின், −2 பாகையில் அழியத் தொடங்கும். −4 பாகையை நெருங்கினால் பத்தில் ஒன்பது பூ கருகும். 2021 ஏப்ரலில் ஃபிரான்சு நாட்டின் திராட்சை, பழத் தோட்டங்களுக்கு நேர்ந்தது இதுதான்: மார்ச்சின் வெம்மையில் துளிர்த்தவற்றைப் பின்வந்த உறைபனி எரித்தது. அத்தகைய இரவுகளில் சில தோட்டங்களில் ஒரு விந்தையைக் காணலாம். உழவர் மரங்கள்மீது விடிய விடிய நீர் தெளிக்கின்றனர். நீர் பூவின்மேல் உறைந்து கண்ணாடி உறையாகிறது. உள்ளே இதழும் சூலகமும் பளிச்செனத் தெரிகின்றன. உறையும் ஒவ்வொரு கிராம் நீரும் 80 கலோரி வெப்பத்தை வெளிவிடுவதால், உறைதல் தொடரும்வரை பூவின் வெப்பநிலை 0 பாகையை ஒட்டியே நிற்கும். பனிக்கட்டியே பனியிலிருந்து காக்கிறது. ஆனால் கட்டி உருகுமுன் நீரை நிறுத்திவிட்டால், ஆவியாதலின் குளிர்ச்சியால் காத்த பூவும் கெடும்.

மித நிலத்தின் இடர் வேறு. அங்கே பூ கருகுவதில்லை, குழம்புகிறது. குளிர் போதாத மரத்தில் ஒரு கிளையில் பூ, ஒரு கிளையில் பிஞ்சு, ஒரு கிளையில் மூடிய மொட்டு என மலர்ச்சி கிழமைக்கணக்கில் இழுபடும்; சில மொட்டுகள் விரியாமலே உதிரும். 2015இல் கலிஃபோர்னியாவின் பிஸ்தாத் தோட்டங்களில், இதமான குளிர்காலத்தின் விளைவாக ஆண் மரங்களும் பெண் மரங்களும் ஒத்த காலத்தில் பூக்கத் தவறி, பல ஓடுகள் பருப்பின்றி வெறுமையாயின. இக்குறைக்கு உழவர் கண்ட மாற்றுகள் சில. ஹைட்ரஜன் சயனமைடைத் தெளித்து மொட்டை வலிந்து எழுப்புவது ஒன்று. அது நச்சுப்பொருள், விருப்பத்துடன் பரிந்துரைக்க என்னால் இயலாது. கிழக்கு ஜாவாவின் பாத்து மலைப்பகுதியினர் காட்டும் வழி இனியது. குளிர்காலமே அறியாத அந்நிலத்தில் ஆப்பிள் அறுவடைக்குப்பின் இலைகளைக் கையால் உருவிவிடுகின்றனர். ஆழ்ந்த உறக்கத்தில் விழுமுன்பே மொட்டு துளிர்த்துவிடுவதால் ஆண்டுக்கு இருமுறை காய்ப்பு கிடைக்கிறது. உறங்கவிட்டால்தானே எழுப்பும் தொல்லை!

இப்பின்னணியில் புவி வெப்பமாதலைப் பார்த்தால், ‘மலர்கள் ஆண்டுதோறும் முந்துகின்றன’ என்னும் செய்தி பாதி உண்மையே. கியோத்தோவின் மலைச்செர்ரி முழுமலர்ச்சி நாள்களைப் பழைய நாட்குறிப்புகளிலிருந்து கி.பி. 812 முதல் திரட்டியவர் யசுயுகி அவோனோ. அப்பதிவில் 1409இன் மார்ச் 27 மிக முந்திய நாள்களுள் ஒன்றாக நெடுங்காலம் நின்றது; 2021இல் மார்ச் 26 அதைக் கடந்தது. குளிர் மிகுதியாக உள்ள ஊர்களில் வெப்பம் ஏறினால் மலர்ச்சி முந்தும். குளிர் விளிம்பளவே கிடைக்கும் ஊர்களில் அதே வெப்பம் மலர்ச்சியைப் பிந்தச் செய்யும். மேலும் ஏறினால் சிதைக்கும். ஒரே காரணம் ஒரே மரத்தை இரு திசையில் இழுக்கிறது. முந்திய மலரைப் படமெடுத்து மகிழ்வோரும் வருந்துவோரும் ககோஷிமாவையும் ஒருமுறை பார்ப்பது நன்று.

தமிழ்நாட்டுச் சமவெளியில் இலையுதிர்த்து உறங்கும் செர்ரி இல்லை. ஆயினும் நம் மாமரமும் குளிருக்குச் செவிசாய்ப்பதே. முன்பனிக்கால இரவுகள் போதிய அளவு தணியாத ஆண்டில் பூங்கொத்துக்கு மாறாகத் தளிரே மிகும். கொடைக்கானலில் பேரியும் பிளம்சும் செழிக்கின்றன. இமாச்சலத்தின் டெலிசியஸ் ஆப்பிளை அங்கே நட்டால் தயங்கி நிற்பதற்கும் அதே குளிர்க்கணக்குதான் காரணம். மலையில் தோட்டம் வைத்திருப்போர் ஒரு குளிர்காலம் முழுதும் வெப்பமானி வைத்து, 7 பாகைக்குக் கீழ் இறங்கும் மணிநேரங்களைக் குறித்து வையுங்கள். நாற்று வாங்கும்போது விலைக்கு முன்பாக, அந்த வகைக்கு எத்தனை குளிர் மணிநேரம் வேண்டும் என்று கேளுங்கள். விடை சொல்லத் தெரியாதவரிடம் ஆப்பிள் நாற்று வாங்காதீர்கள்.