பழைய துப்பாக்கிக்குப் புதுக் குழல்

இரண்டாவது மகாயுத்தம் 1945-ல் முடிந்த பிறகு, ஜெர்மன் மௌசர் ரைபிள்கள் ஏராளமாக அமெரிக்காவுக்குப் போய்ச் சேர்ந்தன. தேய்ந்த குழலைக் கழற்றிவிட்டுப் புதுக் குழல் பொருத்திக்கொள்வது அங்குள்ள வேட்டைப் பிரியர்களின் வழக்கம். குழல் மாறும்போது தோட்டாவையும் மாற்றிக்கொள்ளலாம் அல்லவா? எந்தத் தோட்டா என்பதில்தான் சிக்கல்!

மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, தோட்டாவின் அடிப்பாகத்தைப் பிடிக்கும் போல்ட்டின் முகம். 1898 மாடல் மௌசரில் அது சுமார் 12 மில்லிமீட்டர். 1906-ல் வந்த .30-06, 1925-ல் வந்த .270 வின்செஸ்டர், 1952-ல் வந்த .308 வின்செஸ்டர் மூன்றும் அதில் பொருந்தும். பருத்த மாக்னம் தோட்டாவுக்கோ போல்ட் முகத்தையே கடைந்து அகலமாக்க வேண்டும்.

இரண்டாவது, நீளம். மௌசரின் சொந்தத் தோட்டாவுக்குக் கூடு 57 மில்லிமீட்டர். .308-க்கு 51 தான், தாராளமாக அடங்கும். .30-06-க்கு 63, மாகஸினைச் சற்றுச் சீர் செய்ய நேரிடும்.

மூன்றாவதுதான் முக்கியம்: பலம். 1898 மாடலில் போல்ட்டை முன்னால் இரண்டு பற்கள் பூட்டுகின்றன. பின்னால் காவலுக்கு மூன்றாவது பல் உண்டு. 1893 மாடலில் அது கிடையாது. .308 அதிலும் நுழையும். ஆனால் அதன் அழுத்தம் அந்தப் பழைய இரும்புக்கு அதிகம். நுழைவது வேறு, தாங்குவது வேறு.

ஆகவே, தோட்டாவைத் தேர்ந்தெடுக்குமுன் நிபுணரிடம் துப்பாக்கியைக் காட்டுவதே விவேகம். சுடுகிறவர் கன்னம் இருப்பது அந்தப் போல்ட்டுக்குப் பின்னால்தானே!