'நைஜீரியர்' என்ற ஒற்றைச் சொல்

ஹைதராபாத்தில் மாசாப் டேங்க் பக்கம் 'ஏசி கார்ட்ஸ்' என்ற பகுதி இருக்கிறது. 'ஆப்பிரிக்கன் கேவல்ரி கார்ட்ஸ்' என்பதன் சுருக்கம்தான் அந்தப் பெயர். ஹைதராபாத்தை ஆண்ட நிஜாமின் குதிரைப்படையில் இருந்த ஆப்பிரிக்க வீரர்களின் குடியிருப்பு அது. 1948 செப்டம்பரில் ஹைதராபாத் இந்தியாவோடு இணைந்தது. பிறகு படை கலைந்தது, குடும்பங்கள் தங்கிவிட்டன. சித்திகள் எனப்படும் அவர்களுடைய வாரிசுகள் இன்றும் உருது பேசிக்கொண்டு அங்கே வாழ்கிறார்கள். இவர்களைத் தவிர, நகரின் உஸ்மானியா பல்கலைக்கழகத்திலும் மற்ற கல்லூரிகளிலும் படிக்க ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து மாணவர்கள் வருகிறார்கள்.

இவர்களில் யாரையாவது டிவி செய்தியில் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் ஒரே காட்சிதான் நினைவுக்கு வரும். போலீஸ் செய்தியாளர் சந்திப்பு, மேசையில் போதைப் பொட்டலங்கள், பின்னால் முகம் மூடிய ஆட்கள், கீழே ஓடும் 'நைஜீரியர் கைது' என்ற வரி.

கைது நடந்தது உண்மைதானே?

உண்மைதான். அந்தச் செய்தி வர வேண்டும். மற்ற செய்திகள் வராததுதான் சிக்கல். ஒரு தெலுங்கரோ தமிழரோ கைதானால் அவரைப் போன்ற ஆயிரம் பேரை நமக்கு வேறு விதங்களில் தெரியும்; அதனால் குற்றம் அவரோடு நின்றுவிடும். ஆப்பிரிக்கர் கைதானால் ஒப்பிட்டுப் பார்க்க நம்மிடம் வேறு முகம் இல்லை. 54 நாடுகள் கொண்ட கண்டம் முழுவதும் அந்த ஒரே சொல்லுக்குள் போய்விடுகிறது.

பார்ப்பவர் மனதில் என்ன நடக்கிறது?

அமெரிக்காவில் ஃபிராங்க்ளின் கில்லியம், ஷாந்தோ ஐயங்கார் என்ற இரு ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2000இல் வெளியிட்டார்கள். சிலருக்குக் காட்டிய குற்றச் செய்தியில் குற்றவாளியின் படமே இல்லை. ஆனாலும் அவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் படத்தைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அப்படிச் சொன்னவர்களில் பெரும்பாலோர் கறுப்பர் முகத்தைப் பார்த்ததாகச் சொன்னார்கள். திரும்பத் திரும்பப் பார்த்த செய்திகள், இல்லாத படத்தையும் மனதில் வரைந்துவிட்டன.

இதனால் யாருக்கு என்ன கேடு?

2017 மார்ச்சில் டெல்லி அருகே கிரேட்டர் நொய்டாவில் ஒரு பள்ளி மாணவன் இறந்தான். போதைப்பொருள்தான் காரணம் என்ற சந்தேகம் அக்கம்பக்கத்து நைஜீரிய மாணவர்கள் மீது விழுந்தது. அவர்களைப் பிடித்த போலீஸ், ஆதாரம் இல்லாததால் விடுவித்தது. ஆனாலும் கும்பல்கள் கண்ணில் பட்ட ஆப்பிரிக்க மாணவர்களை அடித்தன. அந்தக் கோபத்தை மூட்டியது வதந்தி. கறுப்பு முகத்தைக் குற்றத்தோடு மட்டுமே பார்த்துப் பழகிய ஊரில் வதந்தியை நிறுத்தி ஆதாரம் கேட்க யாருக்கும் தோன்றாது.

என்ன செய்யலாம்?

சேனல்கள், வழக்குக்குத் தேவைப்படும்போது மட்டும் நாட்டின் பெயரைச் சொல்லலாம், அதையும் சரிபார்த்து. கைதைக் காட்டியவர்கள் விடுதலையையும் காட்ட வேண்டும். மாணவர் பிரச்சினை, வாடகை வீடு, மழை வெள்ளம் எதைப் பற்றிக் கருத்துக் கேட்டாலும் அந்தப் பகுதியில் வாழும் ஆப்பிரிக்கரிடமும் மைக்கை நீட்டலாம். சித்திகளை அந்நியர் போலக் காட்டவே கூடாது. அவர்கள் இந்த ஊர்க்காரர்கள்.

பார்ப்பவருக்கும் வழி உண்டு. ஒரு சமூகத்தை இழிவுபடுத்தும் ஒளிபரப்பை கேபிள் டிவி விதிகள் தடை செய்கின்றன. 2021இல் சேர்த்த விதிகளின்படி முதலில் சேனலின் குறைதீர்ப்பு அதிகாரியிடமே புகார் கொடுக்கலாம். தேதி, நேரம், நிகழ்ச்சியின் பெயர், சொன்ன வார்த்தைகள் நான்கையும் குறித்து அனுப்புங்கள். அடுத்த முறை 'நைஜீரியர் கைது' என்ற வரி திரையில் ஓடும்போது, பிடிபட்டவர் ஒருவர், அவருடைய நிறத்தில் பிறந்தவர்கள் கோடிக்கணக்கானோர் என்பதை வீட்டுப் பிள்ளைகளிடமும் சொல்லுங்கள்.